முழு டிஸ்க்கையும் அழிக்கவா?

அந்த வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் முதலில் தொடுவது அத்தான்தான். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை இது. ஆனால் எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடந்துவந்தது. டிவி வந்தால் அத்தான். இணையப் பெட்டி வந்தால் அத்தான். ஒருமுறை அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கியபோது, அவர் அதன் உறையைக்கூடப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டு வரும்வரை அதற்கு எதிரே காவல் உட்கார்ந்திருந்தார்.

அத்தான் வைத்திருந்தது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. தங்கமான மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது. வீட்டு வேலைக்கு ஒரு காசு வாங்கியதில்லை, முகம் சுளித்ததில்லை. வருவார், உட்காருவார், தன் ஈமெயிலைப் போடுவார், தன் பாஸ்வேர்டைப் போடுவார், "முடிஞ்சுது, இனி கண்ணை மூடிக்கிட்டு யூஸ் பண்ணலாம்" என்று எழுந்துகொள்வார். பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால், "உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி? நான்தான் இருக்கேன்ல!" என்பார். இருந்தார். எல்லாவற்றுக்குள்ளும் இருந்தார்.

இந்த ஏற்பாடெல்லாம் சின்னவள் கம்ப்யூட்டர் வாங்கும்வரை சிக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவள் என்பது அக்காவின் தங்கை. வீட்டில் இரண்டே பெண்கள். மூத்தவள் அக்கா, அத்தானின் மனைவி; இளையவள் சின்னவள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, உரித்தெடுக்க முடியவில்லை. வயது முப்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று யாருக்கும் விளக்கமும் கொடுக்கவில்லை. கீழே அக்கா, அத்தான், அப்பா. மேலே ஒற்றை அறையில் இவள். தொழில், லிஃப்ட் மெக்கானிக். பதினாறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, கன்ட்ரோல் போர்டில் வரும் எண்ணைப் பார்த்தே எந்த மாடியில் எந்தக் கதவு சண்டித்தனம் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவாள். இவள் கையெழுத்துப் போட்ட லிஃப்டுகளில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவராவது அத்தானைக் கேட்டுக்கொண்டு ஏறியதில்லை.

வேலை விட்டால் அவள் போகிற இடம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த கேமிங் சென்டர். ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். அவர்கள் கோட்டையை நாம் பிடிக்க வேண்டும், நம் கோட்டையைக் காக்க வேண்டும். முதலில் மனச்சோர்வுக்கு மாற்றாகப் போனவள், இரண்டு வருஷத்தில் ஓர் அணிக்கே கேப்டன் ஆகிவிட்டாள். அணியில் இருந்த நால்வரையும் அவள் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். கொசு என்று ஒருவன், பேசினால் காதுக்குள் ரீங்காரம் கேட்கும், அதனால் அந்தப் பெயர். மிளகாய் என்று ஒருத்தி, அவள் வாயைத் திறந்தால் எதிரணிக்குக் கண் எரியும். "இந்த வயசுல என்னம்மா கேம்?" என்று சென்டரில் எவனோ கேட்டதற்கு, "இந்த வயசுலதான் கை நடுங்காது, நீ உட்காரு" என்றாளாம் சின்னவள்.

அந்த சென்டரை மூடப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே முடிவெடுத்துவிட்டாள். சொந்தமாக ஒன்று. முதல் கேமிங் கம்ப்யூட்டர். காரணமும் இருந்தது: இரண்டு வருஷமாக முட்டிமோதி இந்தத் தடவைதான் அவர்கள் அணி போட்டியின் பிரதான சுற்றுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு முதல் ஆட்டம். கேப்டன் பாதியில் காணாமல் போனால் அணியே வெளியே. விதி அப்படி.

ப்ராசஸர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அறைத் தரையில் போர்வையை விரித்து, நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமலிருக்க வேலையிடத்தில் கையில் மாட்டும் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஒரே திங்கட்கிழமை விடுமுறையில் மொத்தத்தையும் தானே பூட்டினாள். ஒரு திருகு மிச்சம் வரவில்லை. விசிறிகள் சுற்றின, திரை வெளிச்சமானது. உள்ளே இன்னும் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரை இயக்குகிற ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டும்.

எதைப் போடுவது என்பதில்தான் அணிக்குள் அடிதடி.

"விண்டோஸ் போடுங்க கேப்டன். எல்லா கேமும் ஓடும். யோசிக்கவே வேணாம்" என்றாள் மிளகாய்.

"லினக்ஸ் போடுங்க. நம்ம கேம் அதுல ஜம்முன்னு ஓடுது, நானே அதுலதான் ஆடறேன். நீங்க சொன்னதை மட்டும்தான் செய்யும்" என்றான் கொசு.

"அந்தக் கார் துரத்தற கேம் ஓடுமா, கேளுங்க" என்றாள் மிளகாய்.

"அது ஓடாது" என்று ரீங்காரம் இறங்கியது. "அதுல திருட்டு ஆட்டத்தைப் பிடிக்க ஒரு காவல் வெச்சிருக்காங்க. அது லினக்ஸை வாசல்லயே நிறுத்திடும்."

அந்தக் கார் துரத்தும் விளையாட்டின்மீது சின்னவளுக்கு ஒரு வருஷமாகக் கண். ஆகவே மனம் விண்டோஸ் பக்கம்தான் சாய்ந்தது. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய்வந்து, நிதானமாக உட்கார்ந்து, தன் கையாலேயே போடலாம் என்று இருந்தாள்.

செவ்வாய் மாலை படியேறி வந்தால் அறைக் கதவு திறந்திருக்கிறது. அவளுடைய நாற்காலியில் அத்தான். பக்கத்தில் அக்கா, வாயெல்லாம் பல்.

"சர்ப்ரைஸ்!" என்றார் அத்தான். "விண்டோஸ் போட்டாச்சு, உன் கேமும் இறக்கியாச்சு. ஒத்தையா எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவ நீ? இனி கண்ணை மூடிக்கிட்டு ஆடலாம்."

தான் பார்த்துப் பார்த்துப் பூட்டியதை, தான் முதல் பொத்தானை அமுக்கும் முன்பே இன்னொருவர் திறந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "தேங்க்ஸ் அத்தான்" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்னதற்காக அப்புறம் தன்னைத்தானே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, மூன்று மணிக்கு அணியோடு ஒத்திகையில் உட்கார்ந்தாள். மெஷின் பறந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. எதிரியின் கடைசிக் கோட்டைச் சுவர். சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. "எல்லாரும் உள்ளே வாங்க!" என்று கேப்டன் கத்தியதும் திரை முழுக்க ஒரு பலகை வந்து நின்றது. அதில் ஒரு பூனைக்குட்டிப் படம்.

'இன்றைக்கு உன் நேரம் முடிந்தது. இன்னும் வேண்டுமானால் பெரியவர் ஒருவரிடம் கேள்.'

கீழே பொத்தான் ஒன்றுதான்: கேள். ஹெட்செட்டில் மிளகாய் அலறுகிறாள், கொசு அலறுகிறான், சின்னவள் அந்தப் பொத்தானை அமுக்குகிறாள். கீழ்வீட்டில் அத்தானின் போன் 'டிங்' என்றது. அன்றைக்குக் கடை விடுமுறை.

"அரை மணி நேரம் குடுத்திருக்கேன்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "போதுமா?"

அதற்குள் கோட்டையும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. சின்னவள் கணக்கு விவரத்தைத் திறந்து பார்த்தாள். பெயர் சரி. குடும்பத் தலைவர், அத்தான். இவள் பெயருக்கு எதிரே, உறுப்பினர்: குழந்தை. பிறந்த தேதியில் நாளும் மாதமும் சரி. வருஷம் மட்டும் வேறு. விரல்விட்டு எண்ணினாள். பதினொரு வயது.

படியை மிதித்து இறங்கிய வேகத்தில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

"அத்தான், எனக்கு என்ன வயசு?"

"என்னம்மா திடீர்னு?"

"சொல்லுங்க."

அத்தானுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். "அட, அதுவா! பெரியவங்கன்னு போட்டா என்னால உள்ள வந்து எதையும் சரி பண்ண முடியாதும்மா. சின்னப் பிள்ளைன்னு போட்டாதான் கன்ட்ரோல் எங்கிட்ட இருக்கும். வைரஸ் வந்தா யாரு பார்க்கறது? வாரா வாரம் ரிப்போர்ட்டும் வரும், நீ எதை எவ்வளவு நேரம் ஆடினேன்னு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"வைரஸுக்கும் ரெண்டு மணி நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"உனக்கு ஏற்கெனவே கழுத்துவலி. உங்க அக்காதான் சொன்னா."

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சரி. அந்த அட்மின் பாஸ்வேர்டை எங்கிட்ட குடுங்க. நானே மாத்திக்கறேன்."

அப்போதுதான் அத்தானின் முகம் வாடியது. நடிப்பில்லை, நிஜமாகவே வாடியது. "என்னை நம்பலையா நீ?" என்றார். "இந்த வீட்ல இத்தனை வருஷமா யாராவது எங்கிட்ட இப்படிக் கேட்டிருக்கீங்களா? ஞாயிறு முடியட்டும், பார்க்கலாம். அன்னைக்கு எவ்வளவு நேரம் வேணுமோ கேளு, நான் குடுக்கறேன். போன் கையிலதான் இருக்கும்."

கேளு, குடுக்கறேன். சின்னவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"எல்லாத்துக்கும் அவர்தானேம்மா நம்ம வீட்ல" என்றார் அப்பா, சமாதானமாக. "கம்ப்யூட்டர்தானே? விடு."

"ஏன்டி ஆசையா செஞ்சு குடுத்தவரை இப்படிக் கோர்ட்ல நிறுத்தற?" என்றாள் அக்கா, காயைப் பார்த்துக்கொண்டே. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர் அவள். பள்ளிக்கூடத்தில் அவள் குரலுக்கு ஐம்பது பிள்ளைகள் கப்சிப். வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

சின்னவள் மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தில் அழுகிற பழக்கம் அவளுக்கு உண்டு; அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு யோசித்தாள். விண்டோஸ்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளைகளுக்கென்று வைத்த பூட்டை முப்பத்தொன்பது வயதுக்காரிக்குப் போட்டால் பூட்டு என்ன செய்யும்? அழித்துவிட்டு மறுபடியும் விண்டோஸே போடலாம், தன் பெயரில். போடலாம்தான். ஆனால் அத்தானுக்கு அது அத்துப்படி. வாசலைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருவார், சிரித்துக்கொண்டே வருவார், "இதுல ஒரு சின்ன செட்டிங் விட்டுட்டியேம்மா" என்று நாற்காலியில் உட்காருவார். இவள் மறுபடி தேங்க்ஸ் சொல்லுவாள். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கொசுவுக்கு போன் போட்டாள். "லினக்ஸ் பத்தி எங்க அத்தான் மாதிரி கடைக்காரங்களுக்கு எவ்வளவு தெரியும்?"

"சில பேருக்கு நல்லாத் தெரியும் கேப்டன். உங்க அத்தான் எப்படி?"

"ஒரு தடவை எவனோ லினக்ஸ் லேப்டாப் கொண்டுவந்தப்ப, இது நம்ம சமாச்சாரம் இல்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பினார்."

"அப்ப ஆனா ஆவன்னா தெரியாது."

"அதுதான் எனக்கு வேணும்" என்றாள் சின்னவள்.

"ஆனா மாட்டிக்கிட்டீங்கன்னா கூப்பிட ஆள் இருக்காது. நானும் ஞாயித்துக்கிழமை மூணே முக்காலுக்குத்தான் வருவேன், அதுவரை டியூட்டி."

"மாட்டிக்கிட்டா நான் வெளிய வருவேன். தினமும் அதுதான் என் வேலை."

கார் துரத்தும் விளையாட்டைக் கைகழுவியாயிற்று. ஒரு வருஷ ஆசை. வலிக்கத்தான் செய்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. கன்ட்ரோல் போர்டுகளைப் பார்க்கக் கம்பெனி கொடுத்திருந்த லேப்டாப்பில், மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து செருகி, பென்டிரைவிலிருந்து கிளம்பச் சொல்லலாம் என்று மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் நுழைந்தால், அங்கேயும் பாஸ்வேர்டு கேட்டது. அத்தான்! அந்த ஆள் வாசலில் மட்டும் பூட்டுப் போடவில்லை, வாசல்படியிலும் போட்டிருக்கிறார்.

சின்னவள் இரண்டு நிமிஷம் அந்தக் கட்டத்தையே முறைத்தாள். பிறகு பவர் வயரைப் பிடுங்கினாள், பெட்டியைப் படுக்க வைத்தாள், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். கைக்கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி வட்டமான சின்ன பேட்டரி ஒன்று மதர்போர்டில் இருக்கும். அதை எடுத்துவிட்டால் அந்த அமைப்புத் திரைக்குத் தன் பாஸ்வேர்டு மறந்துபோகும். பேட்டரி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. கார்டைக் கழற்றி, குறுக்கே ஓடிய ஒரு மெல்லிய வயரையும் உருவி விலக்கி, நகத்தால் நெம்பி எடுத்தாள்.

அப்போது டீயோடு அக்கா வந்தாள். தரையெல்லாம் உறுப்புகள்.

"ஐயோ, என்னடி இது! அவர் போட்டதை உடைச்சுட்டியா?"

"உடைக்கலை. பேட்டரியைக் கழட்டி வெச்சிருக்கேன். பத்து நிமிஷம் காத்திருக்கணும்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்? அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடும்."

"அக்கா, நான் நாளைக்கு நாலு மணிக்கு ஆடணும். நடுவுல பூனைக்குட்டி வந்து பெரியவங்களைக் கேளுன்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"அவர்தான் நேரம் குடுக்கறேன்னு சொல்றாரே?"

"குடுக்க அவர் யாரு அக்கா? நேரம் என்னோடது."

அக்கா போகவில்லை. டீயை நீட்டிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பேட்டரி இருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் ஆனதும் பேட்டரியையும் கார்டையும் பழையபடி பூட்டி உயிர் கொடுத்தாள். அமைப்புத் திரை ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் கிளம்பி, மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது, பிறகு சுற்றிவளைக்காமல் கேட்டது: 'முழு டிஸ்க்கையும் அழிக்கவா? இதிலுள்ள எல்லாமே போய்விடும்.'

"எல்லாம்னா?" என்றாள் அக்கா.

"எல்லாம்னா எல்லாம்."

சின்னவளுக்கு விரல் ஒரு கணம் தயங்கியது. நல்ல மனிதரின் ஒரு நாள் உழைப்பு. பிறகு பதினொரு வயது ஞாபகம் வந்தது. அமுக்கினாள். வாய்விட்டே சொன்னாள்: "போ!"

அடுத்து வந்த பக்கத்தில் நாலே கட்டங்கள். உங்கள் பெயர், கம்ப்யூட்டரின் பெயர், பாஸ்வேர்டு, இன்னொரு முறை பாஸ்வேர்டு. வயதைக் கேட்கவே இல்லை. குடும்பத் தலைவர் யார் என்றும் கேட்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்வேர்டை அடித்தாள். திரையில் வரிசையாகப் புள்ளிகள்தான் விழுந்தன.

எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று என்று சொன்னால் அது பொய். முதல்முறை திரை கறுப்பாகவே நின்றது. கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் வேறு வேண்டுமாம். போனில் தேடினாள், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடியதை வரிவரியாகப் படித்தாள். மோட்டார் அறையில் தப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு போவதைப்போல, கடைசியாக எது சரியாக நடந்தது, அதற்கடுத்தது ஏன் நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் போனாள். பொழுது சாய்வதற்குள் திரை வந்துவிட்டது. விளையாட்டு இறங்கி முடிந்ததும் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. சத்தம் போட்டு ஒரு குதி குதித்ததில் கீழே அப்பா, "யாரும்மா விழுந்தது?" என்றார்.

ஞாயிறு மூன்றரை மணி. ஹெட்செட்டை மாட்டினால் காது அடைத்த மாதிரி அமைதி. சத்தமும் இல்லை, மைக்கும் இல்லை. கேப்டன் பேசாமல் அணி எப்படி ஆடும்? செட்டிங்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல்.

அத்தான் திரையைப் பார்த்தார். தனக்குப் பழக்கமில்லாத அந்தத் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அக்கா பின்னாலேயே வந்து நின்றாள்.

"அழிச்சுட்டியா?"

"அழிச்சுட்டேன் அத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம."

"நீங்களும் சொல்லாமதான் போட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் அத்தான் அத்தான்தான். அடுத்த நொடியே கை நீண்டது. "என்ன, சத்தம் வரலையா? எனக்குத் தெரியும், லினக்ஸ்னா இதான். இன்னும் அரை மணி நேரம் இருக்குல்ல? பெட்டியைக் கழட்டிக் கீழ கொண்டு வா. நான் போட்ட விண்டோஸோட நகல் எங்கிட்ட இருக்கு, இருபது நிமிஷத்துல போட்டுத் தரேன். நாலு மணிக்கு ஜம்முன்னு ஆடலாம். வா, வா, அழாதே."

அவள் அழவில்லை. ஆனால் இருபது நிமிஷம் என்று அவர் சொன்னதும், ஒரு பக்கம் மனசு எழுந்து நின்றது உண்மைதான். நாலு பேர் அவளை நம்பிக் காத்திருக்கிறார்கள். ஒரு தலையாட்டல் போதும்.

"வேண்டாம் அத்தான்."

"ஆடாம போயிடுவ!"

"போறேன். நானே போட்டு, நானே கெடுத்து, நானே ஆடாம போறேன்."

ஹெட்செட்டின் இரண்டு பின்களையும் பெட்டியின் முன்பக்கத் துளைகளிலிருந்து உருவிப் பின்பக்கத் துளைகளில் செருகினாள். காதில் சத்தம் குபீரென்று வந்தது, மைக்கும் உயிர் பெற்றது. அப்படியானால் லினக்ஸ் நன்றாக இருக்கிறது, ஹெட்செட் நன்றாக இருக்கிறது. முன் துளைக்குப் போகிற வயர்தான் செத்திருக்கிறது. எந்த வயர்? அட, நேற்று பேட்டரிக்காக உருவி விலக்கிய அந்த மெல்லிய வயர்! திரும்பச் செருக மறந்துவிட்டாள்.

"தப்பு லினக்ஸோடது இல்லை அத்தான்" என்றாள். முகத்தில் அவ்வளவு பெருமை. "என்னோடது. வயரை நான்தான் மாட்டலை."

தப்பு செய்ததற்கு இவ்வளவு குதூகலப்படுகிற ஆளை அத்தான் அதுவரை பார்த்ததில்லை.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்று சுற்று. முதல் சுற்று இவர்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. அத்தான் போகவில்லை, வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, எது நம்ம கோட்டை, எது அவங்க கோட்டை என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாவது சுற்றில் யாரும் கேட்காமலே "பின்னாடி வராங்கடி!" என்று கத்தினாள். கடிகாரம் ஆறைத் தாண்டியது. ஆறே கால் ஆனது. திரையில் ஒரு பலகையும் வரவில்லை, கீழே எந்த போனும் 'டிங்' என்னவில்லை. ஆறு இருபதுக்கு, வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது, இவர்கள் கோட்டை போயிற்று. தோற்றுவிட்டார்கள்.

"நல்ல ஆட்டம் கேப்டன்" என்றான் கொசு, மூச்சுவாங்க. "இன்னொரு வாய்ப்பு இருக்கு. தோத்தவங்க சுற்று, அடுத்த ஞாயிறு. வர்றீங்கல்ல?"

"வரேன்" என்றாள் சின்னவள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெட்செட்டைக் கழற்றியதும் அத்தான் தொண்டையைச் செருமினார். "பார்த்தியா, தோத்துட்ட. நான் போட்டது இருந்திருந்தா..."

"நீங்க போட்டது இருந்திருந்தா ஆறு மணிக்கே நின்னிருக்கும். இப்ப கடைசிவரைக்கும் ஆடித் தோத்தேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு அத்தான்."

அவர் குரலைத் தாழ்த்தி, பழைய பிரியத்தோடு சொன்னார்: "சரி விடு. பாஸ்வேர்டை மட்டும் எதுக்கும் எங்கிட்ட ஒரு தடவை சொல்லி வை. நாளைக்கே நீ மறந்துட்டா?"

"மறந்துட்டா மறுபடி அழிச்சுட்டு மறுபடி போட்டுக்குவேன். எனக்கு இப்ப போடத் தெரியும்."

"நீயாவது சொல்லேன் இவகிட்ட" என்று அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா கட்டிலிலிருந்து எழுந்தாள். அவள் கையில் போன் இருந்தது.

"ஏங்க" என்றாள். ஐம்பது பிள்ளைகள் கப்சிப்பாகிற அந்தக் குரல். "நான் ஒரு கணக்குப் பாட ஆப் இறக்கணும்னாலும் உங்க போனுக்குத்தான் கேட்டு வருது. போன்ல ஏதோ கோளாறுன்னு நாலு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். இதுல எனக்கு எத்தனை வயசு போட்டிருக்கீங்க?"

அத்தான் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். கீழே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டேன்ல? எத்தனை?"

"பதினொண்ணு" என்றார் அத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.